இருபதாவது கட்டை

சித்திரபுரம்,
14-6-1955

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஞானம் அக்காவுக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். காயாத துணிகளுக்குத்தான் சுகமில்லை. போன வருஷத்துக் காய்ச்சல் உன்னை முழுதாக விட்டுவிட்டதா? அத்தானுக்கு இருமல் எப்படி இருக்கிறது?

டைபாயிடு வந்தது உனக்கு. பிழைத்தால் கோயில் பீடத்துணிக்கு லேஸ் கரை வைப்பதாக நேர்ந்துகொண்டதும் நீ. பின்னுவது மட்டும் நானா? ஊசியில் நூல் கோக்கவே என்னைக் கூப்பிடுகிறவள் லேஸ் நேர்ந்துகொள்ளலாமா என்று நீ மாதாவிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். போகட்டும். கிறிஸ்துமஸுக்குள் முடித்துத் தருகிறேன்.

ஒரு சிக்கல். நான் நினைத்திருக்கும் அகலக் கரைக்கு இருபத்து நாலு ஜோடிக் கட்டை வேண்டும். நூல் சுற்றித் தொங்கவிடும் அந்தச் சிறு மரக் கட்டைகளைத்தான் சொல்கிறேன். பாளையங்கோட்டை மடத்தில் கன்னியாஸ்திரிகள் கொடுத்தது என்னிடம் பதினாலு ஜோடிதான் இருக்கிறது. இங்கே தச்சர் இருக்கிறார், கடைசல்காரர் இல்லை; அப்பாவின் பவர்ஹவுஸ் லேத்தில் இரும்புதான் கடைவார்கள். உங்கள் கொழிஞ்சாம்பாறையில் கட்டில் கால் கடைகிறவர் ஒருவர் உண்டு என்று நீ சொன்ன ஞாபகம். மாதிரிக்கு ஒரு கட்டை இத்துடன் வருகிறது. இதைப் போல இருபது செய்யச் சொல்.

சாந்தன்பாறை விஷயமாக அம்மா உனக்கு எழுதியிருப்பாள்.

உன் தங்கை,
இன்பமேரி


கொழிஞ்சாம்பாறை,
3-7-1955

என் செல்லத் தங்கை இன்பத்துக்கு ஞானம் ஆசீரோடு எழுதுவது.

நான் இப்போது ஒரு படி அரிசிச் சோறு சாப்பிடுகிறேன் என்று உன் அத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அவர் இருமல் பீடியோடு வந்தது, பீடியோடுதான் போகும்.

கடைசல்காரர் பெயர் மரியஜோசப். கோயிலுக்குப் பின்புறம் பட்டறை. கட்டில் கால், தொட்டில் குமிழ், பம்பரம் எல்லாம் செய்வார். இருபத்தெட்டு வயதிருக்கும், வீட்டில் அவரும் தாயாரும்தான். உன் கட்டையைக் கையில் வாங்கி, அது என்னவோ சின்னக் குருவி மாதிரி, வெகுநேரம் புரட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அக்கா, இத வெச்சு என்னுங்க பண்ணுவாங்க?" என்றார்.

"நூல் சுற்றி லேஸ் பின்னுவாள் என் தங்கச்சி. ஒரே சமயத்தில் எல்லாம் தொங்கும்."

"இருவதும் ஒண்ணாத் தொங்குனா, எது எதுன்னு எப்படிங்க தெரியும்?"

"அதெல்லாம் அவளுக்குத் தெரியும். நீங்கள் செய்து கொடுங்கள்" என்றேன். தலையாட்டினார். அவ்வளவுதான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடும்போது மட்டும் குரல் கூரையைத் தொடும்.

இனி உன் விஷயம். சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் அந்தப் பையன் கணக்கெழுதும் ரைட்டர். மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், பக்கத்திலேயே கோயில். அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். அப்போதுதான் ஜனவரியில் மூன்று ஞாயிறு கோயிலில் கலியாண ஓலை வாசித்து, தவக்காலம் தொடங்குமுன் கலியாணத்தை முடிக்கலாம். அம்மா உன்னிடம் கேட்டால் நீ அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாயாம். நான் கேட்கிறேன். பிடித்திருக்கிறதா, இல்லையா?

ஞானம்


சித்திரபுரம்,
9-8-1955

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சோற்றுக் கணக்கு கேட்டு அம்மா அழுதாள், சந்தோஷத்தில். அத்தானுக்கு மிளகுக் கஷாயம் கொடு. நாங்கள் நலம். மண் சரிந்து நாலு நாள் தபால் வரவில்லை.

பார்சல் நேற்று வந்தது. பிரித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அக்கா. இருபது கட்டை கேட்டேன், என் மாதிரியைத் தவிர இருபதும் வந்திருக்கிறது. ஆனால் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை! உயரம் மட்டும் ஒரே அளவு. மற்றபடி ஒன்றின் தலை சோளக்கதிர். ஒன்றுக்கு வண்டிச்சக்கரத்துக் குடம் போல இடுப்பு. ஒன்று மெழுகுத்திரித் தண்டு, அதன் உச்சியில் சுடருக்காக மஞ்சள் அரக்கில் ஒரு பொட்டு. சிவப்பு பச்சை சிவப்பு என்று அரக்கு வளையல் போட்ட ஒன்றை வளையல்காரி என்கிறேன். உடம்பெல்லாம் புள்ளி வைத்தது புள்ளிமான். பலா, வேங்கை, புளி என்று மரமும் வேறு வேறு. மேஜையில் நிறுத்தி வைத்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சேஷம்மாள் மாமி எட்டிப் பார்த்து, "ஏண்டி இன்பம், சதுரங்கக் காயா? யாரோட ஆடப் போறாய்?" என்றாள்.

கடைசியில் ஒன்று. வெட்பாலை மரம், பால் வெள்ளை. அதன் கழுத்தில் ஒரு மர வளையம் கிடக்கிறது. சுற்றுகிறது, ஏறி இறங்குகிறது, ஆட்டினால் டிக் டிக் என்கிறது. கழற்ற முடியாது, மேலும் கீழும் கட்டை வளையத்தைவிடப் பெரிது. ஒட்டும் தெரியவில்லை. உள்ளே எப்படிப் போனது என்று நேற்றிலிருந்து பார்க்கிறேன்.

ஆனால் அக்கா, லேஸ் கட்டை ஜோடியாகத்தான் வேலை செய்யும். ஒரே நூலின் ஒரு முனையை ஒரு கட்டையிலும் மறு முனையை இன்னொன்றிலும் சுற்றி, நடுவில் குண்டூசியில் மாட்ட வேண்டும். இரண்டும் ஒரே எடையாக இருந்தால்தான் நூல் ஒரு பக்கம் இழுக்காது. இவை ஒன்று கனம், ஒன்று லேசு. தப்பு என்னுடையது. ஒற்றைக் கட்டையை மாதிரிக்கு அனுப்பினால் அவர் ஜோடியை எப்படி அறிவார்? அவர் மனம் நோகாமல் சொல். இவ்வளவு அழகானவற்றைக் குறை சொல்லிவிட்டதாக அவர் நினைக்கக் கூடாது.

அந்த வளையத்தை எப்படிப் போட்டார் என்றும் கேள்.

இன்பமேரி


கொழிஞ்சாம்பாறை,
21-8-1955

அன்புத் தங்கைக்கு,

கஷாயம் கொடுத்தேன். உன் அத்தான் அதைக் குடித்துவிட்டுப் பீடி பற்ற வைத்தார். மற்றபடி கர்த்தர் கிருபையில் குறைவில்லை.

மரியஜோசப்பிடம் சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டார். "எல்லாம் ஒரே மாதிரி இருந்தா உங்க தங்கச்சிக்கு அடையாளம் தெரியாதுன்னு, ராத்திரியெல்லாம் யோசிச்சு யோசிச்சுப் பண்ணுனனுங்க. ஜோடின்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா அக்கா?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தாயார், "ரெண்டு மாசமா கட்டில் காலு கேட்டவிங்க எல்லாம் திட்டீட்டுப் போறாங்க கண்ணு. இவன் சோளக்கதிர் கடஞ்சுட்டு உக்காந்திருந்தான்" என்றார்.

இருபதுக்கும் ஜோடி செய்து தருகிறாராம். படம் எதுவும் போட்டு வைக்கவில்லை, கை போன போக்கில் கடைந்தது. அதனால் கட்டைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். பத்து ஜோடி கேட்டாய், இருபது ஜோடி வரப்போகிறது. என் நேர்த்திக்கடன் பெரிதாகிக்கொண்டே போகிறது.

வளையம் பற்றிக் கேட்டேன். "வெளிய இருந்து போடலீங்க. வளையமும் கட்டையும் ஒரே மரந்தானுங்க. அது உள்ளயே இருந்துச்சு. சுத்தி இருக்கறத எடுத்துட்டேன், அவ்வளவுதானுங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரிகிறதா?

லேஸ் எப்படிப் பின்னுவது என்று அவர் அறிய விரும்புகிறார். வேலை தெரியாமல் வேலைக்குச் சாமான் செய்ய முடியாதாம்.

சாந்தன்பாறை என்று ஒரு ஊர் இருக்கிறது. உன் கடிதத்தில் அது விட்டுப்போய்விட்டது.

ஞானம்


சித்திரபுரம்,
30-8-1955

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். மழை சற்று விட்டிருக்கிறது. அப்பாவுக்குப் பவர்ஹவுஸில் ராத்திரி ஷிப்ட்.

கட்டைகளை இன்று பார்சலில் சேர்த்தேன். அவர் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன், அப்படியே படித்துக் காட்டு.

வைக்கோல் இறுக்கி அடைத்த உருண்டைத் திண்டு ஒன்று. அதன்மேல் பூவேலைக்குத் துளையிட்ட அட்டை. ஒவ்வொரு துளையிலும் ஒரு குண்டூசி. கட்டைகள் வரிசையாகத் தொங்கும். கையில் ஒரு நேரத்தில் நாலு கட்டைதான், அதாவது இரண்டு ஜோடி. அசைவும் இரண்டேதான். ஒன்று குறுக்கே போடுவது, ஒன்று முறுக்குவது. வலையும் இலையும் சிலந்திப்பூவும் அந்த இரண்டிலிருந்துதான் பிறக்கின்றன. நூலை யாரும் தொடுவதில்லை. கட்டையை நகர்த்தினால் நூல் தானாக நடக்கும்.

அவருடைய முதல் கேள்வியும் சரியான கேள்விதான். மடத்தில் எல்லாக் கட்டையும் ஒன்று போல இருக்கும். அடையாளத்துக்கு நான் ஒன்றில் பேனாவால் கோடு போட்டேன் என்று அரை நாள் முழங்காலில் நிறுத்தினார்கள். அதனால் எந்நேரமும் எண்ணிக்கொண்டே இருப்பேன். ஒன்பதாவது பத்தாவதின் மேல், பதினொன்றாவது கீழே என்று. அவர் கட்டைகளை ஒரு நாள் விளையாட்டாகத் தொங்கவிட்டுப் பார்த்தேன். எடை ஒத்துவரவில்லை, நூல் இழுத்தது. ஆனால் அரைமணி நேரம் நான் எண்ணவே இல்லை. சோளக்கதிர் புள்ளிமானுக்கு மேலே போகிறது, வளையல்காரி காத்திருக்கிறாள், அவ்வளவுதான். வேலை செய்யும்போது வேறு எதையாவது நினைக்கலாம் என்பதை முதல் தடவையாக அன்றுதான் அறிந்தேன். இதையும் சொல்.

வளையம் உள்ளேயே இருந்தது என்றாரே, எனக்குப் புரிகிறது.

சாந்தன்பாறை விஷயம் லேஸ் முடியட்டும்.

இன்பமேரி


கொழிஞ்சாம்பாறை,
2-10-1955

அன்பு இன்பத்துக்கு,

எங்கள் எல்லோருக்கும் சுகம். அப்பா ராத்திரி ஷிப்டுக்குக் கம்பளி இல்லாமல் போகாமல் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடி படித்துக் காட்டினேன். முடித்ததும், "இன்னொரு வாட்டி படிக்கறீங்களா அக்கா?" என்றார். படித்தேன். மூன்றாவது தடவை கேட்க வெட்கப்பட்டு, திண்டின் அளவு சரியாகக் காதில் விழவில்லை என்றார். நீ திண்டின் அளவே எழுதவில்லையே!

ஜோடிகள் நாளைக்குத் தபாலில் வருகின்றன. தட்டாரிடம் தராசு இரவல் வாங்கி, குந்துமணி போட்டு நிறுத்து, மயிரிழை கூடினாலும் சீவி எடுத்தார். தட்டார் தராசைத் தேடி வந்து, "தங்கமா நிறுக்கறே?" என்று கேட்டதற்கு, "அதுக்கும் மேலீங்க" என்றாராம். தாயார் சொன்னார்.

ஆனால் ஒரு விஷயம். பார்சலைப் பிரித்த அன்றே எண்ணிவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, இருவது அனுப்புனனுங்க. பத்தொம்போதுதானுங்க வந்திருக்குது."

"வழியில் விழுந்திருக்குமோ?"

"தச்ச பை தச்ச மாதிரியே இருக்குதுங்க."

"எது இல்லை?"

"வளையம் போட்டதுங்க" என்று சொல்லிவிட்டு, மரத்தூளைக் காலால் தள்ளிக்கொண்டு நின்றார்.

இருபதாவது கட்டை எங்கே இன்பம்?

ஞானம்


சித்திரபுரம்,
28-10-1955

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். அப்பா கம்பளியோடுதான் போகிறார்; திரும்பும்போது கம்பளியில்லாமல் வந்து, மறுநாள் தேடுகிறார்.

ஜோடிகள் வந்து சேர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கையில் ஏந்திப் பார்த்தேன். எது பழையது எது புதியது என்று சொல்ல முடியவில்லை. அவருக்கு என் நன்றியைச் சொல். வெறும் நன்றி போதாது என்றும் சொல்.

என் பதினாலும் இவை பத்தொன்பதும் சேர்ந்து முப்பத்து மூன்று ஜோடி. அதனால் வேலையைப் புதிதாகத் தொடங்கிவிட்டேன். கரை இன்னும் இரண்டு விரல் அகலம். கோதுமைக்கதிரும் திராட்சைக்கொடியும் வரும்.

நவராத்திரிக்குச் சேஷம்மாள் மாமி வந்து, கொலுவுக்குக் கல்பாத்தியிலிருந்து பொம்மைப்பெட்டி வரவில்லை, உன் மரப்பொம்மைகளைக் கொடு என்று நின்றாள். வேலையை ஒன்பது நாள் நிறுத்த முடியாது, ஒரு நாள் தருகிறேன் என்றேன். மூன்றாம் படியில் கலியாண ஊர்வலம் வைத்தாள் அக்கா! சோளக்கதிரும் சோளக்கதிரும், மெழுகுத்திரியும் மெழுகுத்திரியும், எல்லாம் தம்பதி தம்பதியாக. என் மேஜையில் தனியாக இருந்ததையும் எடுத்துப்போய் முன்னால் நிறுத்திவிட்டாள். சுண்டல் வாங்கப் போனபோது எல்லார் எதிரிலும், "ஏண்டி இன்பம், எல்லாரும் ஜோடியா நிக்கறா. இவ மாத்திரம் கழுத்தில வளையத்தப் போட்டுண்டு ஒத்தையா நிக்கறாளே, இவ ஆம்படையான் எங்கேடி?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுண்டலில் உப்பு சரியாக இருந்தது.

நீ கேட்ட அந்தக் கட்டை இங்கேதான் இருக்கிறது. அது சத்தம் போடுகிறது, வேலைக்கு ஆகாது. அதற்கு ஜோடி வேண்டாம் என்றுதான் அனுப்பவில்லை.

இன்பமேரி


கொழிஞ்சாம்பாறை,
12-11-1955

அன்புத் தங்கைக்கு,

இங்கே யாவரும் நலம். உன் அத்தானின் இருமல் போய்விட்டது. பீடி மட்டும் இருக்கிறது.

வேலைக்கு ஆகாத கட்டையை நீ ஏன் வைத்துக்கொண்டிருக்கிறாய்? திருப்பி அனுப்பு, அவர் வளையத்தை உடைத்தெடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டையாகச் சீவிக் கொடுத்துவிடுவார்.

இன்னொன்று. உன் கடிதங்களை எல்லாம் நேற்று ஒன்றாக வைத்துப் பார்த்தேன். எனக்கு நீ விசாரிக்கும் சுகம் இரண்டு வரி. அப்பா அம்மாவுக்கு இரண்டு வரி. மீதி எல்லாம் கட்டை. சாந்தன்பாறைக்கு அரை வரி. அப்பா எழுதியிருக்கிறார், டிசம்பர் இருபதாம் தேதி அவர்களுக்குப் பதில் எழுதப் போகிறாராம். நீ ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று வைத்துக்கொள்வாராம். நானும் அப்படித்தான் வைத்துக்கொள்ளட்டுமா?

ஞானம்


கொழிஞ்சாம்பாறை,
30-11-1955

இன்பம்,

பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. சுகமா என்று கேட்கவும் கோபமாக இருக்கிறது. சுகமாகத்தான் இருப்பாய்.

நேற்று இட்லிப்பானைக்கு மூடி வாங்கப் போனபோது மரியஜோசப் பட்டறையில் நுழைந்தேன். அவர் இல்லை. பட்டறை ஜன்னல் கம்பியில் ஒரு சணலில் ஏதோ தொங்கியது. காற்றில் டிக் டிக் என்றது. வெள்ளை மரம், கழுத்தில் வளையம். உன்னுடையதைத்தான் நீ அனுப்பிவிட்டாயோ என்று நினைத்தேன். அதற்குள் அவர் வந்துவிட்டார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"இதை அவள் கேட்கவில்லையே" என்றேன்.

"கேக்கலீங்க."

"மாதிரி இல்லாமல் எப்படிச் செய்தீர்கள்?"

"அது ஒண்ணு மட்டும் கைக்கு ஞாபகம் இருந்துச்சுங்க." பிறகு கொஞ்ச நேரம் உளியைத் துடைத்தார். "கேக்காததுக்கு ஜோடி பண்ணுனது தப்புங்களா அக்கா? தப்புன்னா அடுப்புல போட்டர்றனுங்க."

"அடுப்பில் போட்டால் உங்கள் கையை ஒடிப்பேன்" என்றேன்.

வீடு வரைக்கும் நடந்து வந்தேன், மூடி வாங்க மறந்துவிட்டேன். உன் அக்கா இப்படி ஒரு மக்கு என்று நீ ஏன் சொல்லவில்லை? ஜூலையிலிருந்து சாந்தன்பாறை சாந்தன்பாறை என்று உன் உயிரை எடுத்திருக்கிறேன். அவர் எழுதச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். சரி என்றால் ஒரு வார்த்தை. இல்லை என்றாலும் ஒரு வார்த்தை. அப்பாவுக்கு நான் எழுதுகிறேன். இருபதாம் தேதி வந்துகொண்டிருக்கிறது.

ஞானம்


சித்திரபுரம்,
7-12-1955

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்.

லேஸ் முடிந்துவிட்டது. மூன்று கஜம். தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது, ஈரம் பட்டால் நூல் பழுத்துவிடும். ஆள் வந்து வாங்கிப்போவது நல்லது. உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக வந்தால் மூணாற்றிலிருந்து பஸ் இருக்கிறது.

இருபதாவதின் ஜோடியை அவரே கொண்டுவரட்டும்.

அப்பாவிடம், சாந்தன்பாறைக்கு இப்போது எதுவும் எழுத வேண்டாம் என்றேன். ஏன் என்றார். லேஸ் வாங்க ஆள் வருகிறது என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். மீதியை நீ எழுது.

இன்பமேரி


சித்திரபுரம்,
18-12-1955

சேசு மரி சூசை துணை

என் அன்பான அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் மிகவும் நலம். அம்மா சமையலறையில் பாடுகிறாள். இந்தக் கடிதமும் லேஸும் நாளைக் காலை புறப்படுகிறவர் கையில் வருகின்றன.

நேற்று மத்தியானம் வந்தார். பஸ்ஸில் குமட்டி, முகமெல்லாம் வெளுத்து, வாசலில் நின்று, "ஞானம் அக்கா அனுப்புனாங்க" என்றார். அப்பா உன் கடிதத்தைப் படித்திருந்தும் படிக்காதவர் போல உட்கார்ந்திருந்தார். கட்டில் கால் கடைகிறவனுக்கா என்று அம்மாவிடம் முந்தாநாள் கேட்டது என் காதில் விழுந்திருந்தது. நான் காப்பி வைத்தேன். அவர் பையிலிருந்து கட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். அது டிக் என்றது. அப்பா அதைக் கையில் எடுத்தார்.

"தம்பி, இந்த வளையத்த ரெண்டு துண்டா வெட்டி ஒட்டினதுதானே?"

"இல்லீங்கய்யா. ஒரே மரமுங்க."

"என்கிட்ட கத விடாத டே. முப்பது வருஷமா லேத்துல நிக்கேன். ஏட்டி இன்பம், அந்த லென்ச எடு!"

எடுத்துக் கொடுத்தேன். அப்பா ஜன்னலோரம் போய், கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வளையத்தைத் திருப்பித் திருப்பி ஒட்டைத் தேடினார். காப்பி ஆறிற்று. நான் வேறே போட்டேன். அதுவும் ஆறிற்று. நகத்தால் சுரண்டினார், நாக்கில் வைத்துப் பார்த்தார். பவர்ஹவுஸில் எவ்வளவு பெரிய சக்கரத்தையும் இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று ஜெபமாலையில் ஒரு பத்து முடித்துவிட்டேன்.

கடைசியில் லென்ஸை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்து, "ஒட்டு இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்வது போல, "எங்கயுமே ஒட்டு இல்ல" என்றார்.

இன்று காலை பூசை முடிந்ததும் அவரை ஒர்க்‌ஷாப்பைக் காட்ட அழைத்துக்கொண்டு போனார். பத்து மணிக்குப் போனவர்கள் மூன்று மணிக்கு, இரண்டு பேரும் முழங்கை வரை எண்ணெயோடு வந்தார்கள். "மாப்பிள்ளைய வேலைக்குச் சேத்துட்டேரா?" என்று அம்மா சத்தம் போட்டாள். மாப்பிள்ளை என்று சொன்னதை அவளே பிறகுதான் கவனித்தாள். சேஷம்மாள் மாமி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்பம், ஆம்படையான் வந்தாச்சாடி?" என்றாள். பொம்மையைத்தான் கேட்டேன் என்று பிறகு சத்தியம் செய்தாள்.

சாந்தன்பாறைக்கு மரியாதையாக எழுதியாகிவிட்டது. ஜனவரி பதினைந்தாம் தேதி முதல் ஓலை, இங்கேயும் அங்கேயும்.

நாங்கள் பேசியதை நீ கேட்பாய். அதிகமில்லை. திண்டைக் காட்டினேன், நாலு கட்டையை அவர் கையில் கொடுத்து, குறுக்கு முறுக்கு சொல்லிக் கொடுத்தேன். குண்டூசியில் மாட்டாமல் இழுத்து நூலை அறுத்தார். பிறகு, "சத்தம் தொந்தரவுங்களா?" என்றார். இல்லை என்றேன்.

இன்பமேரி


கொழிஞ்சாம்பாறை,
15-1-1956

என் கலியாணப் பெண்ணுக்கு அக்கா முத்தங்களோடு எழுதுவது.

சுகம், சுகம், சுகம். அதற்குமேல் கேட்காதே, எழுத நிறைய இருக்கிறது.

உன் லேஸ் கிறிஸ்துமஸிலிருந்து பீடத்தில் இருக்கிறது. மெழுகுத்திரி வெளிச்சத்தில் திராட்சைக்கொடி அசைகிற மாதிரி தெரிகிறது. என் நேர்த்தி தீர்ந்தது என்று நான் மாதாவிடம் சொன்னேன். பாதி உனக்குச் சேரட்டும் என்றும் சொன்னேன். முக்கால் என்று சொல்ல மனம் வரவில்லை.

இன்று முதல் ஓலை. பிரசங்கம் முடிந்து சாமியார் காகிதத்தைப் பிரித்தார். கொழிஞ்சாம்பாறை மரியஜோசப்புக்கும், சித்திரபுரம் இன்பமேரிக்கும் என்று வாசித்து, தடை ஏதாவது அறிந்தவர்கள் அறிவிக்கவும் என்று நிறுத்தினார். பெண்கள் பக்கத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. அந்த அமைதியில், ஆண்கள் பக்கம் முன்வரிசையிலிருந்து ஒரு சத்தம்.

டிக்.

சாமியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மறுபடியும் டிக். மரியஜோசப் காது சிவந்து, சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். பொத்திய வேகத்தில் அது இன்னும் இரண்டு தரம் டிக் டிக் என்றது. அவர் தாயார் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். நான் அடைக்கவில்லை. உன் அத்தான் எனக்காக இருமினார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எடுங்கள் பார்க்கலாம்." எடுத்துக் காட்டினார். ஜன்னலில் தொங்கிய அந்தக் கட்டைதான் என்று நினைத்தேன். இல்லை இன்பம். இதில் நூல் சுற்றியிருந்தது. மெல்லிசு வெள்ளை நூல், நெருக்கமாக, நாள்பட்டுக் கை பழகிய மினுமினுப்போடு. அவர் செய்து கொண்டுபோனது புதுக் கட்டை, அதில் நூல் ஏது? "மாத்திக்கிட்டமுங்க" என்றார் தரையைப் பார்த்து. இதை ஒரு வரி எழுத உன் பேனாவில் மை இல்லையாக்கும்!

வேலைக்கு ஆகாத கட்டையில் நூல் எதற்கடி? அக்டோபரில் எனக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பற்றி நீ சொன்னதெல்லாம் பொய். ஒன்றைத் தவிர. அது சத்தம் போடத்தான் செய்கிறது. இன்று ஊரே கேட்டது.

உன் அக்கா,
ஞானம்